வண்டியில் வோல்ட்மீட்டர் பொருத்துவது: ஒயரை எங்கிருந்து எடுப்பது, முள் காட்டுவதை எப்படிப் படிப்பது

டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரியவில்லை என்பதற்காகச் சார்ஜிங் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் ஏறக்குறைய முழுதாக நின்றுபோனால்தான் பெரும்பாலான வண்டிகளில் அந்த விளக்கு எரியும். பெல்ட் வழுக்கி 13 வோல்ட் மட்டும் வரும்போது அது அணைந்தே இருக்கலாம். வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் கெட்டு 15.5 வோல்ட் ஏறி, பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும்போதும் பல வண்டிகளில் எரிவதில்லை. வண்டி நடுவழியில் நிற்பதற்கு வெகு முன்பே இவற்றை ஒரு வோல்ட்மீட்டர் காட்டிக்கொடுக்கும்.

பொருத்துவது அரைநாள் வேலை. ஒயர் சீவவும் லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோகக் காது) அழுத்தவும் தெரிந்தவர் யாரும் செய்யலாம். உண்மையில் யோசிக்க வேண்டியது ஒன்றைத்தான்: ஒயரை எங்கிருந்து எடுப்பது. மீட்டர் காட்டுவது தன் இரண்டு ஒயர்களும் தொடும் இரண்டு இடங்களுக்கு நடுவில் உள்ள வோல்டேஜை. அந்த இடத்துக்கும் பேட்டரிக்கும் இடையே பழைய சாவி சுவிட்ச், துருப்பிடித்த எர்த் (பாடி வழியே பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு), தளர்ந்த கனெக்டர் எல்லாம் இருந்தால் முள் அவற்றின் கோளாறையும் சேர்த்தே காட்டும். நல்ல பேட்டரியை மாற்றி, நல்ல ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் பார்த்து, கடைசியில் மீட்டரின் எர்த் சரியில்லை என்று கண்டுபிடிப்பது இப்படித்தான் நடக்கிறது.

ஆம்பியர் மீட்டரா, வோல்ட்மீட்டரா

பழைய ஜீப், லாரி, டிராக்டர்களில் ஆம்பியர் மீட்டர் இருந்தது. செல்ஃப் மோட்டார் இழுப்பது தவிர, பேட்டரிக்குப் போகும் வரும் மின்னோட்டம் முழுவதும் அதன் வழியாகவே ஓடும். 30 ஆம்பியர் தரும் டைனமோ இருந்த காலத்துக்கு அது பொருந்தியது. இன்றைய ஆல்டர்னேட்டர் 70 முதல் 150 ஆம்பியர் வரை தருகிறது. அவ்வளவையும் தாங்கும் தடித்த கேபிளை டேஷ்போர்டுக்குள் கொண்டுபோய்த் திரும்ப இன்ஜின் பக்கம் கொண்டுவர வேண்டும். மீட்டரின் பின்னால் ஒரு நட்டு தளர்ந்தாலே அந்த இடம் சூடேறி இன்சுலேஷன் உருகும். கேபிள் பாடியில் உரசினால் தீப்பிடிக்கும். புதிதாகப் பொருத்துபவர் அந்த வகை மீட்டரை வாங்க வேண்டாம்.

பழைய வண்டியில் இருக்கும் ஆம்பியர் மீட்டரைக் கழற்றி அதே இடத்தில் வோல்ட்மீட்டர் வைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஆம்பியர் மீட்டரின் இரண்டு ஒயர்களையும் ஒன்றாகப் போல்ட் போட்டு இறுக்கி, மேலே சூடுபட்டால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் ஏற்ற வேண்டும். தனித்தனியே விட்டால் பேட்டரிக்குச் சார்ஜ் போகாது. அந்த இரண்டு முனைகளில் வோல்ட்மீட்டரை அப்படியே மாட்டினாலும் அதே கதிதான். வோல்ட்மீட்டர் வழியாகச் சார்ஜ் மின்னோட்டம் ஓடாது.

இரண்டாவது பேட்டரி, வின்ச் போன்ற பெரிய சுமை வைத்திருப்பவருக்கு ஆம்பியர் கணக்கு தேவைப்படும். அவர் ஷன்ட் (மின்னோட்டம் ஓடும்போது தன் இரு முனைகளுக்கிடையே அதற்கேற்ற சிறு வோல்டேஜ் தரும் உலோகப் பட்டை) வைத்த மீட்டரை வாங்கலாம். ஷன்ட் இன்ஜின் அறையிலேயே இருக்கும். டேஷ்போர்டுக்கு மெல்லிய ஒயர்கள் மட்டும் வரும். 100 ஆம்பியருக்கு 50 மில்லிவோல்ட் என்று குறித்த ஷன்டில் 40 ஆம்பியர் ஓடினால் 20 மில்லிவோல்ட் கிடைக்கும். மீட்டரும் அதே அளவுக்கு உரியதாக இருக்க வேண்டும். 75 மில்லிவோல்ட் மீட்டரை இதில் மாட்டினால் காட்டுவதெல்லாம் தப்பு. செல்ஃப் மோட்டார் கேபிள் ஷன்டுக்கு முன்பாகவே பிரிந்துவிட வேண்டும். பாசிட்டிவ் பக்கம் ஷன்ட் வைத்தால் அந்த மெல்லிய ஒயர்கள் இரண்டிலும் தலா 1 ஆம்பியர் ஃப்யூஸ் ஷன்டை ஒட்டியே இருக்க வேண்டும். மற்ற எல்லோருக்கும் வோல்ட்மீட்டரே போதும்.

என்ன வாங்குவது

முள் வகை மீட்டரில் 8 முதல் 16 வோல்ட் வரை அளவு உள்ளதாகப் பாருங்கள். 0 முதல் 20 வரை அளவு போட்டதில், நமக்கு வேண்டிய 12க்கும் 15க்கும் இடையில் முள் கொஞ்ச தூரமே நகரும். டிஜிட்டல் வகையில் ஒரு புள்ளிக்குப் பின் ஓர் இலக்கமாவது இருக்க வேண்டும். என் விருப்பம் முள் வகை: ஓட்டும்போது எண்ணைப் படிக்க நேரமில்லை, முள் வழக்கமான இடத்தில் இல்லை என்பது ஓரக்கண்ணிலேயே தெரியும். 24 வோல்ட் லாரி, பேருந்துகளுக்கு அதற்கென உள்ள மீட்டர் வேண்டும். இரண்டு பேட்டரிகளுக்கு நடுவிலிருந்து ஒயர் எடுத்து, ஒன்றில் மட்டும் 12 வோல்ட் மீட்டரை ஓட்டக் கூடாது.

பெரும்பாலான மீட்டர்கள் 52 மி.மீ. துளைக்கு உரியவை. இவற்றுடன் தேவைப்படுவது: 0.75 அல்லது 1 சதுர மி.மீ. வாகன ஒயர் சிவப்பிலும் கறுப்பிலும் தலா 3 மீட்டர், விளக்குக்கு வேறு நிறத்தில் ஒரு மீட்டர், 2 ஆம்பியர் ஃப்யூஸும் ஹோல்டரும், ஃப்யூஸ் டேப் (ஃப்யூஸ் பொந்திலிருந்து புது ஒயர் எடுக்க உதவும் துண்டு) ஒன்று, நான்கு கால் ரிலே (சிறு மின்னோட்டத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்று, 6 மி.மீ. வளைய லக், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், நெளிவுக் குழாய், ஒயர் டை. ஒயரைச் சீவாமல் மேலே கடித்துப் பிடிக்கும் கிளிப்பைத் தவிருங்கள். அது செம்பு இழைகளை வெட்டிவிடுகிறது, உள்ளே ஈரம் போய்ப் பச்சை பூக்கிறது. மல்டிமீட்டர் கட்டாயம் வேண்டும்.

பாசிட்டிவ் எங்கிருந்து

பேட்டரியிலிருந்து நேராக எடுத்தால் அளவு சரியாக வரும்; ஆனால் வண்டி நிற்கும்போதும் மீட்டர் பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும். 20 மில்லிஆம்பியர் எடுக்கும் டிஜிட்டல் மீட்டர் ஒரு நாளில் 0.48 ஆம்பியர்-மணி எடுக்கும். 30 நாள் வண்டியை எடுக்காமல் விட்டால் 14.4 ஆம்பியர்-மணி போய்விடும். 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது மூன்றில் ஒரு பங்கு.

ஆகவே சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இடம் வேண்டும். சாவியின் முதல் நிலையான ஏசிசி வேண்டாம். செல்ஃப் அடிக்கும்போது பல வண்டிகளில் ஏசிசி துண்டிக்கப்படும். பேட்டரியின் உடல்நிலையைச் சொல்லும் அந்த இரண்டு விநாடி முள்ளாட்டம் கிடைக்காமல் போய்விடும். இக்னிஷன் நிலையில் வந்து, செல்ஃப் அடிக்கும்போதும் நிற்கும் ஃப்யூஸைத் தேடுங்கள். ஒவ்வொரு ஃப்யூஸின் தலையிலும் மல்டிமீட்டர் முனை வைக்கச் சிறு இடம் இருக்கும். சாவி போடாதபோது 0, போட்டதும் 12, செல்ஃப் அடிக்கும்போது 0க்குப் போகாமல் இருக்க வேண்டும். ஏர்பேக், ஏ.பி.எஸ்., இன்ஜின் கணினி ஆகியவற்றின் ஃப்யூஸைத் தொடாதீர்கள்.

இடம் கிடைத்ததும் ஒயர் இழுத்துவிட வேண்டாம். அந்த இடம் நம்பத் தகுந்ததா என்று ஒரு சோதனை இருக்கிறது. பலர் செய்வதில்லை, ஆனால் முழு வேலையிலும் பயன் மிகுந்தது இதுவே. இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட், ஏசி புளோயர், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போடுங்கள். நீண்ட ஒயர் ஒன்றின் உதவியால் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும், மறுமுனையை அந்த ஃப்யூஸ் இடத்திலும் வையுங்கள். இரண்டும் பாசிட்டிவ் என்பதால் மல்டிமீட்டர் வழியில் இழக்கப்படும் வோல்டேஜை மட்டும் காட்டும். 0.1 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் அங்கிருந்தே எடுக்கலாம். 0.3க்கு மேல் காட்டினால் மீட்டர் எப்போதும் குறைத்தே சொல்லும்; அதுவும் சுமைக்குச் சுமை மாறும் குறை. பழைய சாவி சுவிட்சுகளில் அரை வோல்ட் இழப்பு சாதாரணம்.

அப்படிப்பட்ட வண்டியில் ரிலே வழியே சிறந்தது. பேட்டரி பாசிட்டிவிலிருந்து 15 செ.மீ.க்குள் 2 ஆம்பியர் ஃப்யூஸ், அங்கிருந்து ரிலேயின் 30 என்று எண்ணிட்ட கால், 87 என்ற காலிலிருந்து மீட்டர். ரிலேயின் 86க்கு அந்த இக்னிஷன் ஃப்யூஸ், 85க்கு எர்த். ரிலேயின் சுருளுக்கு அரை வோல்ட் குறைந்தாலும் கவலையில்லை, அது இழுத்துக்கொள்ளும். அளவு பார்க்கும் பாதையில் இப்போது பழைய சாவி சுவிட்ச் இல்லை. 20 மில்லிஆம்பியர் மட்டும் ஓடும் 3 மீட்டர் ஒயரில் இழப்பு ஒன்றரை மில்லிவோல்ட் அளவுதான், எந்த மீட்டரிலும் அது தெரியாது. சிறிய ரிலேயே போதும். 70 ஆம்பியர் ரிலேயின் காண்டாக்டுகள் இவ்வளவு சிறு மின்னோட்டத்தில் தம்மைச் சுத்தப்படுத்திக்கொள்வதில்லை, நாளடைவில் அழுக்கேறும்.

ஃப்யூஸ் டேப் மாட்டும்போது திசை பாருங்கள். ஃப்யூஸை உருவிவிட்டு, சாவி போட்டு, இரண்டு பொந்துகளில் எதில் மின்சாரம் வருகிறது என்று மல்டிமீட்டரில் பாருங்கள். டேப்பின் ஒயர் வெளியே வராத கால் அந்தப் பக்கம் இருக்க வேண்டும். திருப்பி மாட்டினாலும் மீட்டர் வேலை செய்யும். ஆனால் புதிய சுமையும் பழைய ஃப்யூஸ் வழியாகவே ஓடும் நிலை வந்துவிடும்.

எர்த்

பாசிட்டிவுக்குக் காட்டும் அக்கறையில் பாதிகூட எர்த்துக்குக் கிடைப்பதில்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால் கிடைத்த திருகில் கறுப்பு ஒயரைச் சுற்றிவிட்டுப் போகிறார்கள். இண்டிகேட்டர் போட்டால் முள் தாளம் போடுகிறது. அந்த எர்த்தை இண்டிகேட்டரும் பயன்படுத்துகிறது, அது ஓடும்போது எர்த் புள்ளியின் வோல்டேஜ் உயர்கிறது, மீட்டர் அவ்வளவு குறைத்துக் காட்டுகிறது.

பாடியோடு வெல்ட் செய்யப்பட்ட கனமான தகட்டில் ஓர் இடம் தேர்ந்து, பெயின்டை உலோகம் தெரியும்வரை சுரண்டி, வளைய லக்கைப் பல்வாஷருடன் இறுக்குங்கள். மேலே வாசலின் அல்லது கிரீஸ் தடவினால் துரு ஏறாது. சோதனை முன்பு செய்தது போன்றதே: எல்லாச் சுமையும் போட்டு, பேட்டரி நெகட்டிவுக்கும் இந்தப் புள்ளிக்கும் இடையே 0.05 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எங்கே வைத்தும் 0.2 காட்டினால் குறை நம் புள்ளியில் இல்லை. பேட்டரியிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் வரும் தடித்த எர்த் பட்டையைக் கழற்றித் தேய்த்து மாட்ட வேண்டும்.

நெகட்டிவ் டெர்மினலில் சிறு பெட்டி போன்ற சென்சார் உள்ள வண்டிகளில் எந்த எர்த்தையும் பேட்டரித் தூணில் நேராக மாட்டாதீர்கள். சென்சாரைத் தாண்டி பாடியில்தான் மாட்ட வேண்டும். இல்லையென்றால் நாம் சேர்த்த சுமை வண்டியின் கணக்கில் வராது.

பொருத்தும் முறை

ரேடியோவுக்குக் குறியீட்டு எண் கேட்கும் வண்டி என்றால் அதை முதலில் எடுத்து வையுங்கள். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். இன்ஜின் ஓடும்போது மட்டும் எந்த டெர்மினலையும் கழற்றவே கூடாது. ஆல்டர்னேட்டரைச் சோதிக்க இது பழைய வழக்கம். பேட்டரி விலகிய அந்த நொடியில் வோல்டேஜ் பல மடங்கு எகிறி, டயோடுகளையும் கணினியையும் கொல்லும். நெகட்டிவைக் கழற்றிய பிறகு ஏர்பேக் உள்ள வண்டியில் சில நிமிடம் காத்திருந்துவிட்டு டேஷ்போர்டைத் தொடுங்கள். மஞ்சள் கனெக்டர், மஞ்சள் உறை உள்ள ஒயர்கள் ஏர்பேக்குக்கு உரியவை.

மீட்டரை ஸ்டீயரிங் வளையத்தின் உள்ளே பார்வை படும் இடத்தில் வைக்கலாம், அல்லது டேஷ்போர்டின் மேலே தனிக் குடுவையில் (மீட்டருக்கான கூட்டில்) வைக்கலாம். முன்கண்ணாடி ஓரத் தூணில் மாட்டும் குடுவை அழகாக இருக்கும். ஆனால் திரை ஏர்பேக் உள்ள வண்டிகளில் அந்தத் தூணின் உறைக்கு அடியில்தான் ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அங்கே மாட்டவே கூடாது. டேஷ்போர்டு முன்புறத்தில் பயணி பக்கத்து ஏர்பேக் மூடிக்கும் இதே விதி.

இன்ஜின் அறையிலிருந்து உள்ளே வர ஏற்கெனவே உள்ள ரப்பர் கிராமெட்டில் (தகட்டுத் துளையின் விளிம்பை மூடும் ரப்பர் வளையம்) சிறு துளையிட்டு ஒயரை நுழையுங்கள். புதுத் துளை போட்டே ஆக வேண்டுமென்றால் கிராமெட் இல்லாமல் ஒயரை விடாதீர்கள். தகட்டின் விளிம்பு சில மாதங்களில் இன்சுலேஷனை அறுத்துவிடும். நுழையும் இடத்துக்கு வெளியே ஒயரைக் கொஞ்சம் தொங்கவிட்டால் மழைத்தண்ணீர் அங்கே சொட்டிவிடும், உள்ளே வராது. சைலன்சர் மானிஃபோல்டு, ஸ்டீயரிங் ராடு, பெடல்கள் பக்கம் போகாமல் பார்த்து, 20 செ.மீ.க்கு ஒரு டை போடுங்கள்.

மீட்டரின் விளக்கு ஒயர் பார்க்கிங் லைட் போட்டால் மின்சாரம் வரும் இடத்துக்கு. சில வண்டிகளில் டேஷ்போர்டு வெளிச்சத்தைக் குறைக்கும் குமிழ் எர்த் பக்கத்தில் வேலை செய்கிறது. அங்கே விளக்கின் எர்த்தைப் பாடிக்குக் கொடுத்தால் விளக்கு எப்போதும் முழு வெளிச்சத்தில் எரியும், அவ்வளவே. விளக்கின் எர்த்தை மீட்டரின் எர்த்தோடு ஒரே ஒயரில் சேர்க்காமல் தனியாகக் கொண்டுபோய் மாட்டுவது நல்லது.

ஃப்யூஸை மாட்டுவதற்கு முன், மீட்டருக்குப் போகும் பாசிட்டிவ் ஒயருக்கும் பாடிக்கும் இடையே ஓம்ஸ் பாருங்கள். 0 காட்டினால் எங்கோ ஷார்ட். சரியாக இருந்தால் நெகட்டிவை மாட்டி, கடைசியில் ஃப்யூஸைப் போடுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, பேட்டரித் தூண்களில் மல்டிமீட்டரையும் புதிய மீட்டரையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நன்று. சுமை போட்டாலும் எடுத்தாலும் வித்தியாசம் மாறாமல் இருந்தால் அது மீட்டரின் பிழை. பல டிஜிட்டல் மீட்டர்களில் பின்னால் இதற்கென ஒரு சிறு திருகு இருக்கும். சுமைக்கேற்ப மாறினால் பிழை ஒயரிங்கில்.

முள் என்ன சொல்கிறது

இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் சாவி மட்டும் போட்டுப் பாருங்கள். 12.6 என்றால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால் பங்கு. சாவி போட்டவுடன் பெட்ரோல் பம்பு, விளக்குகள் இழுப்பதால் இதைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும். செல்ஃப் அடிக்கும்போது முள் 10க்குப் பக்கத்தில் இறங்கி உடனே எழும். மிதமான வெப்பநிலையில் 9.6க்குக் கீழே போனால் பேட்டரி தளர்கிறது, அல்லது டெர்மினலில் அழுக்கு. 12.6 காட்டிய பேட்டரி செல்ஃபில் 8க்கு விழுந்தால் அதன் உட்புறம் போய்விட்டது. சார்ஜ் போட்டுப் பயனில்லை.

இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை. ஸ்டார்ட் செய்ததும் 14.5 காட்டி, இன்ஜின் அறை சூடேறச் சூடேற 13.8 பக்கம் இறங்குவது கோளாறு இல்லை; சூட்டில் வோல்டேஜைக் குறைக்கும்படிதான் ரெகுலேட்டர் செய்யப்பட்டிருக்கிறது. புதிதாகப் பொருத்தியவர் பெரும்பாலும் முதலில் பயப்படுவது இதற்குத்தான்.

ஆல்டர்னேட்டரைக் கணினி கட்டுப்படுத்தும் புதிய வண்டிகளில் கதை வேறு. பேட்டரி நிறைந்திருந்தால் ஓடும்போதே 12.5க்கு இறக்கிவிடும், ஆக்சிலேட்டரை விட்டதும் 15க்குப் பக்கம் ஏற்றும். இந்த வண்டியில் ஒரு நொடியின் எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஹெட்லைட் போட்டால் பலவற்றில் கணினி வோல்டேஜை 14 பக்கம் நிலைநிறுத்தும், அப்போது பாருங்கள்.

ஐடிலிங்கில் 13க்குக் கீழே, ரேஸ் கொடுத்தால் 14 என்றால் முதலில் பெல்ட்டின் இறுக்கமும் பளபளப்பும். ரேஸ் கொடுத்தும் ஏறவில்லையென்றால் கார்பன் பிரஷ், அல்லது டயோடு. டயோடைப் பார்க்க மல்டிமீட்டரை ஏசி (மாறுமின்னோட்ட) வோல்ட்டில் வைத்து ஆல்டர்னேட்டரின் பெரிய டெர்மினலுக்கும் பாடிக்கும் இடையே அளக்கலாம், 0.5 வோல்ட்டுக்கு மேல் வந்தால் டயோடு சந்தேகம். மலிவான மல்டிமீட்டர்கள் சில டி.சி.யையே (நேர்மின்னோட்டத்தையே) ஏசி என்று காட்டும். முனைகளை மாற்றி வைத்து அளந்து, இரண்டு எண்களும் பெரிதும் வேறுபட்டால் அந்த மல்டிமீட்டரை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம்.

ஆல்டர்னேட்டரில் 14.4, பேட்டரியில் 13.6 என்றால் இரண்டும் நல்லவை, நடுவில் உள்ள கேபிள்தான் கெட்டது. பாசிட்டிவ் பக்கம் 0.3 வோல்ட்டுக்கு மேல் இழப்பு கூடாது.

15க்கு மேல் நிலையாக நின்றால் தள்ளிப்போடாதீர்கள். ரெகுலேட்டர் போயிருக்கும், அல்லது பேட்டரியைப் பார்த்துவரும் சென்ஸ் ஒயர் அறுந்திருக்கும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் பேட்டரி கொதிக்கிறது. பக்கத்தில் தீப்பொறி கூடாது.

மோட்டார் சைக்கிளில் ஐடிலிங்கில் 13க்குக் கீழே காட்டுவது பல வண்டிகளில் இயல்பு, சுமார் 5000 சுற்றில் 13.5 முதல் 14.5 வரை வந்தால் போதும். 24 வோல்ட் வண்டிகளில் எல்லா எண்களையும் இரட்டித்துக்கொள்ளுங்கள்.

ஓடும்போது முள் 14இலிருந்து 12.4க்கு விழுந்து, பிறகு மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தால் ஆல்டர்னேட்டர் நின்றுவிட்டது. வண்டி பேட்டரியில் ஓடுகிறது. உடனே இன்ஜின் வெப்ப மீட்டரைப் பாருங்கள். பெல்ட்டே அறுந்திருந்தால் பல இன்ஜின்களில் வாட்டர் பம்பும் சேர்ந்து நின்றிருக்கும். வெப்பம் ஏறினால் அங்கேயே ஓரங்கட்டி நிறுத்த வேண்டும். வெப்பம் ஏறவில்லையென்றால் ஏசி, புளோயர், ரேடியோவை அணைத்துவிட்டு, இன்ஜினை நிறுத்தாமல் அடுத்த ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டுங்கள். நிறுத்தினால் மறுபடி செல்ஃப் அடிக்கப் பேட்டரியில் தெம்பு இருக்காது. பகலில் கொஞ்ச தூரம் போகலாம். இரவில் இரண்டு ஹெட்லைட் மட்டுமே 9 ஆம்பியர் அளவு இழுக்கும் என்பதால் தூரம் வெகுவாகக் குறையும். முள் 11ஐ நெருங்கும்போது மின் பவர் ஸ்டீயரிங் கனக்கத் தொடங்கலாம், ஏ.பி.எஸ். விளக்கு எரியலாம். அதற்கு முன்பே பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிடுங்கள்.